ஈ.கோலையைத் திருத்தி ஹைட்ரஜன் எடுப்பது: வட சென்னைக் கழிவில் இது ஓடுமா?

வியாசை மாணவி | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். பி.டெக் உயிர்த்தொழில்நுட்பம், கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு நுண்ணுயிர் வழி ஹைட்ரஜன் என்று தலைப்பு கொடுத்திருக்கிறேன். வெளிச்சமும் வேண்டாம், காற்றும் கூடாது, அந்த இருள் நொதித்தல்தான். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் சில மரபணுக்களை நீக்கி விளைச்சலைக் கூட்ட வேண்டும், அதை வைத்து நம் பக்கத்துக் கழிவு ஏதாவது ஒன்றிலிருந்து எரிபொருள் எடுத்துக் காட்ட வேண்டும். இதுதான் திட்டம்.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்துகிறது. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) குளுக்கோஸுக்கு 4 மோல் ஹைட்ரஜன்தான் உச்சம் என்கிறார்கள். தண்ணீரையும் சேர்த்து முழுவதும் உடைத்தால் கணக்குப்படி 12 மோல் வர வேண்டும். மீதி 8 எங்கே போகிறது? மரபணுவை மாற்றி அதை மீட்க முடியாதா? அப்புறம், எந்தக் கழிவை எடுக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆட்டுத்தொட்டி சந்து | திங்கள், இரவு 9:30

எங்கள் வீட்டில் இட்லி மாவு ராத்திரி பொங்கி மூடியைத் தள்ளிவிடுகிறது. அதுவும் ஹைட்ரஜன்தானா? தீக்குச்சி காட்டிப் பார்க்கட்டுமா?

தாமிரா | திங்கள், இரவு 9:47

@ஆட்டுத்தொட்டி சந்து: காட்டினால் குச்சிதான் அணையும். மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லூக்கோனோஸ்டாக் வகைப் பாக்டீரியா. அது விடுவது கார்பன் டை ஆக்சைடு. புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருகிறது. ஹைட்ரஜன் கிடையாது.

@வியாசை மாணவி: நானும் ஈ.கோலையோடு மல்லுக்கட்டுகிற ஆள்தான், முனைவர் பட்டத்துக்கு. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

கொசஸ்தலை | திங்கள், இரவு 11:05

நொதித்தல் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த 8 மோல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்.

பாக்டீரியா ஹைட்ரஜனை நமக்காக விடுவதில்லை. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை உடைக்கும்போது எலக்ட்ரான்கள் மிஞ்சும். ஆக்சிஜன் இருந்தால் அதன் தலையில் கட்டிவிடலாம். இல்லாதபோது வேறு எங்காவது இறக்கி வைக்க வேண்டும். சில இனங்கள் அதைப் புரோட்டானோடு சேர்த்து ஹைட்ரஜனாக வெளியே தள்ளுகின்றன. அதைச் செய்யும் நொதிதான் ஹைட்ரஜனேஸ். 1931இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் ஸ்டிக்லண்டும் வைத்த பெயர்.

காற்றில்லாத இடத்தில் வாழும் க்ளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா ஒரு குளுக்கோஸை இரண்டு பைருவேட்டாக (மூன்று கார்பன் துண்டு) உடைக்கிறது. பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும் இடத்தில் எலக்ட்ரான்கள் ஃபெரிடாக்சின் என்ற புரதத்துக்குப் போகின்றன. அதிலிருந்து ஹைட்ரஜன் சுலபமாக வரும், 2 மோல். பைருவேட் வரை வரும் வழியில் என்ஏடிஎச் (செல்லுக்குள் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) வடிவில் இன்னும் 2 மோலுக்கான எலக்ட்ரான் சேர்ந்திருக்கும். அதுவும் ஹைட்ரஜனாக மாறினால் மொத்தம் 4. அப்போது மிச்சம் 2 மோல் அசிட்டிக் அமிலம். உங்களுடைய 8 மோல் ஹைட்ரஜன் அந்த அசிட்டிக் அமிலத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் காற்றில்லாமல், வெளிச்சமில்லாமல் ஹைட்ரஜனாக உடைப்பதில் பாக்டீரியாவுக்கு ஆற்றல் லாபமே இல்லை. சாதாரண நிலையில் நஷ்டம். எந்த மரபணுவைச் செருகினாலும் வெப்ப இயக்கவியலைத் திருத்த முடியாது.

அந்த 4கூட நடைமுறையில் வருவதில்லை. என்ஏடிஎச்சிலிருந்து ஹைட்ரஜன் வர வேண்டுமென்றால் கலனுக்குள் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் மிகக் குறைவாக, வளிமண்டலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் பாக்டீரியா வழியை மாற்றி பியூட்டிரிக் அமிலம், எத்தனால், லாக்டிக் அமிலம் என்று போய்விடும். பியூட்டிரிக் வழியில் 2 மோல்தான். கலப்பு நுண்ணுயிர்க் கலனில் 2 மோல் வந்தாலே ஆபரேட்டருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

தாமிரா | செவ்வாய், காலை 7:20

கொசஸ்தலை சார் சொன்னது சரி, ஆனால் "எந்த மரபணுவைச் செருகினாலும்" என்று கதவை இவ்வளவு சீக்கிரம் சாத்த வேண்டாம். உச்சவரம்பை உயர்த்த முடியாது, சரி. வரம்புக்குக் கீழே எவ்வளவு வீணாகிறது என்று பாருங்கள், மரபணு வேலைக்கு இடம் அங்கேதான்.

ஈ.கோலையிடம் க்ளாஸ்ட்ரிடியத்தின் வழி கிடையாது. அது பைருவேட்டை ஃபார்மேட்டாகவும் அசிட்டைல் கோ-ஏ-வாகவும் பிளக்கும். பிறகு ஃபார்மேட் ஹைட்ரஜன் லயேஸ் என்ற கூட்டு நொதி ஃபார்மேட்டை ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஃபார்மேட், ஆகவே ஈ.கோலையின் இயல்பான உச்சம் 2 மோல். காட்டு வகை, அதாவது திருத்தாத இயல்பான இனம், அதையும் எட்டாது. ஏனென்றால் கசிவு பல இடத்தில்.

முதல் கசிவு பைருவேட்டில். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் அதை லாக்டிக் அமிலமாக இழுத்துக்கொள்ளும். எல்டிஎச்ஏ மரபணுவை நீக்கினால் அது அடைபடும். அதற்கு மேலேயே சக்சினேட்டுக்கு ஒரு கிளை பிரிகிறது, அதற்கு ஃப்யூமரேட் ரிடக்டேஸ் மரபணுக்களை நீக்குவார்கள். இதைவிட எரிச்சலான விஷயம், ஈ.கோலை தான் விட்ட ஹைட்ரஜனைத் தானே திரும்ப உறிஞ்சும். ஹைட்ரஜனேஸ் 1, 2 இரண்டும் அந்த வேலைக்கு. எச்ஒய்ஏ, எச்ஒய்பி மரபணுத் தொகுதிகளைத் தட்டினால் அது நிற்கும். கடைசியாகக் கட்டுப்பாடு: எச்ஒய்சிஏ என்பது லயேஸுக்குப் பிரேக், எஃப்எச்எல்ஏ ஆக்ஸிலரேட்டர். பிரேக்கைக் கழற்றி ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது 2005 வாக்கில் ஜப்பானியர்கள் செய்தது. 2008இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வுட் குழு நான்கு மரபணுக்களை நீக்கி, எஃப்எச்எல்ஏவையும் கூட்டி, ஃபார்மேட்டிலிருந்து காட்டு வகையைவிட நூற்று நாற்பது மடங்கு ஹைட்ரஜன் எடுத்தது.

நூற்று நாற்பது மடங்கு என்றதும் துள்ள வேண்டாம். அது ஃபார்மேட்டை நேரடியாக ஊட்டியபோது. குளுக்கோஸ் கொடுத்தால் 2 மோல் என்ற சுவர் அப்படியேதான் நிற்கும். வேகம் வேறு, விளைச்சல் வேறு. இந்த இரண்டையும் கலந்து செய்தித்தாளில் எழுதுகிறார்கள், மாணவர்கள் ப்ராஜெக்ட் அறிக்கையிலும் கலக்கிறார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. லயேஸ் வேலை செய்ய நிக்கல், மாலிப்டினம், செலினியம் மூன்றும் ஊடகத்தில் சிட்டிகை அளவாவது இருக்க வேண்டும். இவை இல்லாத ஊடகத்தில் எத்தனை மரபணுவை நீக்கினாலும் குமிழி வராது. பழியை மரபணுமேல் போடுவோம்.

மணலி ஷிப்ட் | செவ்வாய், காலை 8:05

இரவு ஷிப்ட் முடித்து வந்து படிக்கிறேன். நான் ஹைட்ரஜன் யூனிட்டில் இருப்பவன், ஆனால் எங்களுடையது உங்கள் கிருமிக்கு எதிர்ப்பக்கம். ஹைட்ரோகார்பனை நீராவியோடு சேர்த்து 850 டிகிரி அளவில் நிக்கல் வினையூக்கிமேல் விடுவோம். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். மோனாக்சைடை மறுபடி நீராவியோடு மாற்றி, கடைசியில் அழுத்த மாற்றுப் பரப்புறிஞ்சலில் (அழுத்தத்தை ஏற்றி இறக்கி மற்ற வாயுக்களை உறிஞ்சி எடுக்கும் முறை) சுத்தம் செய்வோம். இயற்கை எரிவாயுவில் இப்படி எடுத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கார்பன் டை ஆக்சைடு 9, 10 கிலோ. டீசலில் கந்தகத்தை எடுக்க, உரத்துக்கு அம்மோனியா செய்ய, எல்லாம் இந்த ஹைட்ரஜன்தான்.

மத்திய அரசு 2023 ஆகஸ்டில் பசுமை ஹைட்ரஜனுக்கு வரையறை கொடுத்தது. கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் போகக் கூடாது. மின்பகுப்பு (தண்ணீரை மின்சாரத்தால் பிளப்பது) மட்டுமல்ல, உயிரிப்பொருளிலிருந்து வந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே உங்கள் நொதித்தலுக்கும் பெயர் உண்டு. மின்பகுப்பில் ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் போகிறது. கிருமிக்குக் கரண்ட் பில் இல்லையே என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

கேள்வி: உங்கள் கலனிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் எத்தனை சதவீதம்?

கொசஸ்தலை | செவ்வாய், காலை 10:40

@மணலி ஷிப்ட்: நன்றாக ஓடினால் 40 முதல் 60 சதவீதம். மீதி கார்பன் டை ஆக்சைடு. கழிவில் சல்பேட் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். பகல் முழுக்க வேலை செய்து பாதி கார்பன் டை ஆக்சைடு கலந்த ஈரமான வாயுதான் கையில் இருக்கும்.

பெரம்பூர் கோச் | செவ்வாய், மதியம் 1:15

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணி ஓய்வு பெற்றவன். இங்கே செய்த ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சோதனை ஓட்டிய செய்தி பார்த்திருப்பீர்கள். அரியானாவில் ஜிந்த்–சோனிபட் வழித்தடத்துக்கு. அந்தப் பெட்டிக்கு நம் பேட்டைக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. நடக்குமா தம்பி?

மணலி ஷிப்ட் | செவ்வாய், மதியம் 1:50

@பெரம்பூர் கோச்: ஐயா, அந்த ரயிலில் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்துக்கு 99.97 சதவீதத் தூய்மை வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கலத்தின் பிளாட்டினம் வினையூக்கி கெட்டுப்போகும். கார்பன் மோனாக்சைடுக்கும் கண்டிப்பு உண்டு. இவர்கள் கலனிலிருந்து வரும் வாயுவை அந்த அளவுக்குச் சுத்தம் செய்ய முடியும், நாங்கள் தினமும் செய்வதுதான். ஆனால் அது பெரிய ஆலையில் கட்டுப்படியாகும். நாலு கேன் கழிவுக்கு அந்த யூனிட்டை வைத்தால் வாயுவைவிட வால்வு விலை அதிகமாகிவிடும்.

காசிமேட்டு அலை | செவ்வாய், மாலை 6:22

மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் எத்தனை மீன் குடல், தலை, செதில் குவிகிறது என்று வந்து பாருங்கள். பாதி மீன்தூள் ஆலைக்குப் போகிறது, மீதி நாறுகிறது. எங்கள் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

கொசஸ்தலை | செவ்வாய், மாலை 7:10

@காசிமேட்டு அலை: மனசு பெரிசு, ஆனால் மீன் கழிவு இதற்கு ஒத்துவராது. ஹைட்ரஜன் வருவது மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும்தான். மீனில் புரதமும் கொழுப்பும். க்ளாஸ்ட்ரிடியங்கள் புரதத்தைத் தின்னும்போது ஒரு அமினோ அமிலத்திலிருந்து எலக்ட்ரானை எடுத்து இன்னொரு அமினோ அமிலத்துக்கே கொடுத்து முடித்துவிடும். ஹைட்ரஜனாக வெளியேற எலக்ட்ரான் மிஞ்சாது. இதை 1934இல் கண்டவர் அதே ஸ்டிக்லண்ட்தான், மேலே ஹைட்ரஜனேஸுக்குப் பெயர் வைத்தவர். போதாக்குறைக்கு அம்மோனியா சேரும், உப்பும் இருக்கும். மீன் கழிவை மற்றக் கழிவோடு அளவாகக் கலந்து மீத்தேனுக்கு அனுப்பலாம். மீன்தூள் விலை கிடைக்கும் இடத்தில் அதுகூட வீண்தான்.

ஆட்டுத்தொட்டி சந்து | செவ்வாய், மாலை 7:34

அப்போ எங்கள் புளியந்தோப்பு இறைச்சிக் கூடத்தில் ஆட்டு, மாட்டு இரைப்பையிலிருந்து கொட்டுவது? அதில் பெரும்பாலும் அரைத்த புல்தான், மீன் அளவுக்குப் புரதம் கிடையாது. கிருமியும் இலவசம்.

தாமிரா | செவ்வாய், இரவு 8:58

இந்த முறை சந்து அண்ணன் நல்ல கேள்வி கேட்டுவிட்டார்!

இரைப்பைச் சரக்கில் செல்லுலோஸை உடைக்கும் பாக்டீரியா நிறைய இருக்கிறது, அவை ஹைட்ரஜனும் விடுகின்றன. ஆனால் மாடு ஏப்பம் விடும்போது ஹைட்ரஜன் வருவதில்லை, மீத்தேன் வருகிறது. பக்கத்திலேயே மீத்தேன் ஆக்கிகள் உட்கார்ந்துகொண்டு வரும் ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்றுவிடும். 1967 வரை ஒரே உயிரி என்று நினைத்த ஒரு மீத்தேன் நுண்ணுயிரை பிரயண்ட் குழு பிரித்துப் பார்த்தது. இரண்டு உயிரிகள்! ஒன்று எத்தனாலைத் தின்று ஹைட்ரஜன் விடுகிறது, மற்றது அதைத் தின்று மீத்தேன் விடுகிறது. தனித்தனியாக வைத்தால் முதல் உயிரிக்கு எத்தனாலில் வளரவே வழியில்லை, ஏனென்றால் ஹைட்ரஜன் தேங்கினால் அதற்கு ஆற்றல் கிடைக்காது.

அதனால்தான் ஆய்வகத்தில் கழிவுநீர் நிலையச் சகதியை 90, 100 டிகிரியில் அரை மணி நேரம் சுட வைக்கிறோம். மீத்தேன் ஆக்கிகள் செத்துவிடும். க்ளாஸ்ட்ரிடியம் சூடு தாங்கும் வித்தாக மாறித் தப்பித்துவிடும். பி.எச்.சை 5.5 பக்கம் வைத்து, தண்ணீர் கலனில் தங்கும் நேரத்தை 6 முதல் 12 மணி நேரமாகக் குறைத்தால், மெதுவாக வளரும் மீத்தேன் ஆக்கிகள் கழுவிக்கொண்டு போய்விடும். மரபணு மாற்றம் எதுவும் இல்லை, ஒரு அடுப்பு போதும்.

வியாசை மாணவி | செவ்வாய், இரவு 9:40

தாமிரா அக்கா, அப்படியென்றால் மரபணு வேலையே வேண்டாமா? என் மொத்தத் திட்டமும் அதைச் சுற்றித்தானே.

தாமிரா | செவ்வாய், இரவு 10:15

வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தமான, ஒரே மாதிரியான சர்க்கரைக் கரைசல் இருந்தால் திருத்திய இனம் ஜெயிக்கும். திறந்த கழிவில் அது நிலைக்காது. நான்கு மரபணு இழந்த ஈ.கோலை மெதுவாக வளரும். கழிவோடு சேர்ந்து வரும் லாக்டிக் பாக்டீரியா அதைச் சீக்கிரமே ஓரங்கட்டிவிடும். கழிவைக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கலாம், ஆனால் அதற்குச் செலவாகும் வெப்பம் கிடைக்கும் ஹைட்ரஜனைவிட அதிகம்.

சட்டமும் இருக்கிறது. மரபணு மாற்றிய உயிரியைக் கையாள 1989 விதிகளின்படி முதலில் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். சுற்றுச்சூழலில் விடுவதென்றால் மத்தியக் குழு வரை போக வேண்டும். கல்லூரிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வரக் கூடாது.

கொடுங்கையூர் ராஜி | செவ்வாய், இரவு 11:02

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். "சுற்றுச்சூழலில் விடுவது" என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதுகிறேன். குப்பை மேடு இங்கே, எரிஉலை வைக்க இடம் இங்கே, அனல்மின் சாம்பல் எண்ணூரில், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் அம்மோனியா வாடை எங்கள் மூக்கில். யார் எதைச் சோதித்துப் பார்ப்பதென்றாலும் வட சென்னைதான் ஞாபகம் வருகிறது. இப்போது வெடிக்கிற வாயுவும், திருத்திய கிருமியும். நல்ல விஷயமாகவே இருக்கட்டும், இங்கே வைப்பதற்கு முன்னால் இங்கே இருப்பவர்களிடம் யாராவது கேட்பார்களா?

மணலி ஷிப்ட் | புதன், காலை 6:48

ராஜி அக்கா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்புப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் தீப்பிடிக்கும். மீத்தேனுக்கு அது 5 முதல் 15தான். சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. நல்ல பக்கம், மிக லேசானது, திறந்த வெளியில் மேலே போய்விடும். ஆபத்தெல்லாம் மூடிய அறையில், கூரைக்குக் கீழே தேங்கும்போது. எந்தக் கலனாக இருந்தாலும் வீடுகளுக்கு நடுவே, தகரக் கொட்டகைக்குள் வைக்கக் கூடாது. அதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களோடு பேச்சே வேண்டாம்.

கொசஸ்தலை | புதன், காலை 9:30

இனி கணக்கு. இதைப் போடாமல் எத்தனை பக்கம் பேசினாலும் பிரயோஜனமில்லை.

நம் ஊரிலேயே நடந்த பெரிய அளவுச் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். தரமணி முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தார் 2008இல் வெளியிட்டது. சாராய ஆலைக் கழிவில், 100 கன மீட்டர் கலனில், சிட்ரோபாக்டர், எண்டரோபாக்டர், ரோடோசூடோமோனாஸ் மூன்றையும் கூட்டாக வளர்த்தார்கள். 40 மணி நேரத்தில் 21.38 கிலோ ஹைட்ரஜன். குளுக்கோஸ் கணக்கில் மோலுக்கு 2.76 மோல். இது மிக நல்ல எண். மரபணு மாற்றிய இனம் எதுவும் இல்லாமல் வந்தது என்பதையும் கவனியுங்கள். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் தேவபிரத தாஸ் குழுவின் எண்டரோபாக்டர் குளோயேகே இனமும் இயற்கையாகக் கிடைத்ததுதான், அதில் 2000 வாக்கில் குளுக்கோஸுக்கு 2.2 மோல் பார்த்தார்கள்.

அந்த 21.38 கிலோவில் எவ்வளவு ஆற்றல்? கிலோவுக்கு 33.3 யூனிட், மொத்தம் சுமார் 710 யூனிட். அதற்குச் செலவான சர்க்கரை 3,862 மோல், ஏறக்குறைய 700 கிலோ. இதே சர்க்கரையை முழுக்க மீத்தேனாக்கியிருந்தால்? ஒரு குளுக்கோஸுக்கு 3 மீத்தேன். 185 கிலோ, கிட்டத்தட்ட 2,570 யூனிட். மூன்றரை மடங்கு. மீத்தேன் கலனில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும் ஹைட்ரஜன் பக்கத்தில்கூட வர முடியாது. 4 மோல் என்ற உச்சத்தைத் தொட்டாலும் சர்க்கரையின் ஆற்றலில் 40 சதவீதம்கூடத் தேறாது. தாமிரா இன்னும் பத்து மரபணுவை நீக்கினாலும் இதே கதைதான். மீதி ஆற்றல் அமிலங்களாகத் தண்ணீரிலேயே கிடக்கிறது. அந்தத் தண்ணீரை அப்படியே கால்வாயில் விடவும் முடியாது.

ஆகவே என் கட்சி: தனி ஹைட்ரஜன் கலன் வேண்டாம். ஹைட்ரஜனை முதல் கட்டமாக வைத்து, அதிலிருந்து வரும் அமிலத் தண்ணீரை இரண்டாம் கலனில் மீத்தேனாக்குங்கள். பியூட்டிரிக் வழியில் 2 மோல் ஹைட்ரஜன், பிறகு 2.5 மோல் மீத்தேன். மொத்த ஆற்றல் மீத்தேன் மட்டும் எடுப்பதற்குச் சமமாக வந்துவிடும், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜனாக. கலந்த வாயுவை அப்படியே எஞ்சினில் எரிக்கலாம், 99.97 வேண்டியதில்லை. டில்லியில் 2020இல் சி.என்.ஜி. பேருந்துகளில் 18 சதவீத ஹைட்ரஜன் கலந்து ஓட்டிப் பார்த்தார்களே. மாதவரத்தில் ஏற்கெனவே மக்கும் குப்பையிலிருந்து உயிரி சி.என்.ஜி. ஆலை இருக்கிறது. கொடுங்கையூர் கழிவுநீர் நிலையத்தில் சகதி வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மாதிரிக் கலனுக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான் நான் கேட்பது.

தாமிரா | புதன், காலை 11:12

கணக்கு சரி. ஆனால் "இன்னும் பத்து மரபணு" என்ற கிண்டலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அமிலங்களிலிருந்து ஹைட்ரஜனே எடுக்கவும் வழி இருக்கிறது. ரோடோபாக்டர் போன்ற ஊதாப் பாக்டீரியா வெளிச்சத்தின் உதவியால் ஒரு அசிட்டேட்டிலிருந்து 4 ஹைட்ரஜன் வரை எடுக்கும். அங்கே வேலை செய்வது நைட்ரஜனேஸ் என்ற நொதி, அம்மோனியா கொஞ்சம் இருந்தாலும் அது அணைந்துவிடும். அந்த அணைப்பை உடைப்பதற்கு மரபணு வேலை உண்மையாகவே தேவை. இன்னொரு வழி, நுண்ணுயிர் மின்பகுப்புக் கலன், 2005இல் வந்தது. தண்ணீரைப் பிளக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். அசிட்டேட்டைத் தின்னும் பாக்டீரியா மின்முனையில் இருந்தால் அரை வோல்ட்டைச் சுற்றியே போதும். அப்புறம் 80 டிகிரியில் வளரும் தெர்மோடோகா போன்ற இனங்கள், அவை 4 மோலை நெருங்கும், சூட்டில் வெப்ப இயக்கவியல் நம் பக்கம் சாய்வதால். ஆலையிலிருந்து ஏற்கெனவே சூடாக வெளியேறும் தண்ணீருக்கு அவை பொருந்தும்.

நீங்கள் இன்றைய தொட்டியைப் பார்க்கிறீர்கள் சார். ஹைட்ரஜனேஸை ஆக்சிஜன் தாங்குமாறு மாற்றுவது, என்ஏடிஎச்சை ஃபெரிடாக்சினோடு இணைப்பது, இந்த மாதிரி அடிப்படைக் கேள்விகளுக்கு ஈ.கோலைதான் பட்டறை. அது யூனிட் கணக்கில் வராது.

கொசஸ்தலை | புதன், மதியம் 12:05

பட்டறை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டறையைத் தொழிற்சாலை என்று அறிக்கையில் எழுதுவதுதான் எரிச்சல். ஊதாப் பாக்டீரியாவுக்கு வெளிச்சம் படுமாறு எத்தனை கிரவுண்டு தொட்டி வேண்டும் என்று பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.

செங்குன்றம் மில் | புதன், மாலை 5:40

நாங்கள் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நெல் ஊறவைத்த தண்ணீர் தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் வெளியேறுகிறது. இரண்டு நாள் விட்டால் நாற்றம் தாங்காது, அக்கம்பக்கத்தில் சண்டை. அதில் மாவும் சர்க்கரையும் கரைந்திருக்கும்தானே? இதில் வருமா?

கொசஸ்தலை | புதன், மாலை 6:30

வரும். இந்த இழையில் இதுவரை பேசிய கழிவுகளில் பொருத்தமானது இதுதான். மாவுச்சத்து, உப்பு இல்லை, புரதம் குறைவு, வெந்நீரில் ஊறவைப்பவராக இருந்தால் இளஞ்சூடாகவே கிடைக்கும். ஒரே குறை, நீர்த்துப் போனது. லிட்டருக்கு 3 கிராம் சி.ஓ.டி. (கழிவை முழுக்க ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) என்று வைத்து, அதெல்லாம் சர்க்கரை என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம் ஹைட்ரஜன். 2 யூனிட் வெப்பம். ஜெனரேட்டரில் போட்டால் முக்கால் யூனிட்கூடக் கைக்கு வராது. இதை நம்பி கடன் வாங்கிவிடாதீர்கள். ஆனால் அதே தண்ணீர் மீத்தேன் வரை போனால் உங்கள் பாய்லர் உமிச் செலவு கொஞ்சம் குறையும், நாற்றமும் போகும். நாற்றம் போவதுதான் உங்களுக்கு முதல் லாபம்.

கொடுங்கையூர் ராஜி | புதன், இரவு 8:20

நாற்றம் போகும் என்று யாராவது முதல் வரியில் எழுதியிருந்தால் நான் நேற்று அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

வியாசை மாணவி | புதன், இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. கைடிடம் பேசினேன். திட்டத்தை இப்படி மாற்றுகிறேன்: கழிவு, செங்குன்றத்து ஊறல் தண்ணீர். ஒரு வரிசைப் புட்டிகளில் சூடுபடுத்திய சகதி, திருத்தாத கலப்பு நுண்ணுயிர். இன்னொரு வரிசையில் எல்டிஎச்ஏ மட்டும் நீக்கிய ஈ.கோலை, அதே தண்ணீரைக் கிருமி நீக்கிவிட்டு. மூன்றாவது வரிசையில் அதே ஈ.கோலை, கிருமி நீக்காத தண்ணீரில். எத்தனை நாளில் அது ஓரங்கட்டப்படுகிறது என்று பார்க்கலாம். நொதித்த தண்ணீரைப் பிறகு மீத்தேன் புட்டிக்கு மாற்றுவேன். வாயுவை அளக்க, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக விட்டுக் கார்பன் டை ஆக்சைடை நீக்கிவிட்டு, மிச்சத்தை நீர் இடப்பெயர்ச்சியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

தாமிரா | புதன், இரவு 10:45

மூன்றாவது வரிசைதான் சுவாரசியமானது, அதை விட்டுவிடாதே. ஒன்று கவனி: ஈ.கோலைக்கு மாவை நேரடியாகத் தின்னத் தெரியாது. அமைலேஸ் போட்டு முதலில் சர்க்கரையாக்கு, மூன்று வரிசைக்கும் ஒரே மாதிரி. இல்லையென்றால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. நீர் இடப்பெயர்ச்சி அளவு சொல்லும், அது ஹைட்ரஜனா மீத்தேனா என்று சொல்லாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது வாயு நிறப்பகுப்பியில் (கலவையில் எந்த வாயு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவி) சரிபார். முடிந்த புட்டிகளை ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகுதான் கொட்ட வேண்டும்.

மணலி ஷிப்ட் | வியாழன், காலை 7:02

வாயுவைப் பலூனில் பிடித்து விடுதி அறையில் வைக்காதே தங்கச்சி. அளந்ததும் ஜன்னலுக்கு வெளியே குழாய் விட்டுவிடு. பக்கத்தில் பன்சன் சுடர் எரியக் கூடாது.

செங்குன்றம் மில் | வியாழன், காலை 8:30

ஊறல் தொட்டி திறப்பது விடியற்காலை 5 மணிக்கு. புதுத் தண்ணீர் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வந்துவிடு ம்மா. கேன் நீயே கொண்டு வா, எங்களிடம் இருப்பதெல்லாம் டீசல் பிடித்த கேன். கேட்டில் என் இழைப் பெயரைச் சொன்னால் விடுவார்கள்.